உள்கைப்பிடி

வேனின் பக்கக் கதவுக்கு உள்ளே கைப்பிடி கிடையாது. அதில் தினமும் வேலைக்குப் போய்வந்த ஐந்து பெண்களுக்கும் அது தெரியும். ஓட்டிய சுரேனுக்குத் தெரியும். வேனுக்குச் சொந்தக்காரரான, கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் கண்டிராக்டர் இராமசாமிக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். கழற்றச் சொன்னதே அவர்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, வேன் முழுதாக நிற்பதற்குள் புதுப்பெண் ஒருத்தி கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கிவிட்டாள். ஓரமாக வந்த மோட்டார் சைக்கிள் அவள் காலை முறித்துப் போட்டது. மறுநாள் வேன் பட்டறைக்குப் போனது. திரும்பி வந்தபோது கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு தகரத்தை வைத்து இரண்டு திருகாணி முடுக்கியிருந்தார்கள்.

"இனிமே யாரும் கதவுல கை வெக்க வேணாம். சுரேன் எறங்கி வந்து தொறந்து விடுவான்," என்றார் இராமசாமி.

முதல் வாரம் பெண்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். மகாராணிகள்லா நாம, கதவு தொறக்க ஆள் இருக்கு என்றார்கள். இரண்டாவது வாரத்தில் பழகிவிட்டது. கதவை ஒட்டிய இருக்கை கலாதேவியுடையது. இறங்க வேண்டிய இடம் வந்ததும் தம்பியின் தோளைத் தட்டுவாள். சுரேன் இறங்கிச் சுற்றிவந்து வெளியிலிருந்து திறப்பான்.

சுரேன் அவளுடைய உடன்பிறந்த தம்பி. அம்மா சாகும்போது அவனுக்கு ஒன்பது வயது. அதிலிருந்து கலாதேவியும் அவள் புருஷன் தேவனும்தான் வளர்த்தார்கள். பத்து காஜா ஊருக்கு வெளியே, பழைய ரப்பர்த் தோட்டத்தை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட்ட நிலத்தின் ஓரத்தில், மலிவு விலைத் தாமான் குடியிருப்பு ஒன்றில் அவர்கள் வீடு. தேவன் அந்தச் செம்பனையில்தான் குலை வெட்டினான். கலாதேவி ஈப்போ பக்கம் கையுறை செய்யும் கம்பெனியில் இருந்தாள். காலை ஏழு மணியிலிருந்து மூன்றரை வரை, சுடச்சுட நகர்ந்து வரும் பீங்கான் கைகளிலிருந்து உறையை உருவி உருவிப் போட வேண்டும். ஷிப்ட் முடியும்போது விரல் நுனிகள் ஊறி வெளுத்திருக்கும். வீட்டுக்கு வந்து சோறு பிசைந்தால் உப்பு எரியும்.

அந்த வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்தே மழை. கம்பெனிக் கூரையில் விழுந்த சத்தத்தில், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. மூன்றரைக்குக் குடையைப் பகிர்ந்துகொண்டு ஓடிவந்து வேனில் ஏறினார்கள். முன்னால் சுரேனுக்குப் பக்கத்தில் இந்தோனேசியாக்காரி யாத்தி. நடு வரிசையில் கலாதேவி, நவமணி, சாந்தினி. பின் வரிசையில் ராக்காயி தனியாக, அவளுக்கு முன்னால் இராமசாமியின் தண்ணீர் போத்தல் பெட்டிகள். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. சின்ன வயதில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். முட்டியில் நீர் கோத்திருந்ததால் சீட்டு மேல் காலை நீட்டிக்கொள்ள அந்த இடம்தான் அவளுக்குத் தோது.

"நாளைக்கு யாரும் சோறு கட்டாதீங்கடி," என்றாள் ராக்காயி. "மரவள்ளி அவிச்சி, கருவாட்டுச் சம்பால் கொண்டாரேன்."

"போன தடவை மாதிரி உப்பு அள்ளிப் போடாதீங்கக்கா," என்றாள் நவமணி.

"உப்பு கருவாட்டுல இருக்குலா. என்னையக் கேட்டா?"

பின்னாலிருந்து அவள் சிரிப்பு வந்தது. சாந்தினி காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்கத் தொடங்கியிருந்தாள்.

பெரிய சாலையில் கார்கள் வரிசையாக நின்றன. எங்கோ முன்னால் மரம் விழுந்திருக்கிறது என்று யாரோ சொல்லிப் போனார்கள். சுரேன் சுற்றுப்பாதையில் திருப்பப் போனபோது போன் அடித்தது. கைகள் ஸ்டியரிங்கில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான்.

"எங்கடா இருக்க?" இராமசாமியின் குரல்.

"ஜாம் பாஸ். சுத்திப் போலாம்னு..."

"சுத்திப் போனா ஒரு மணி நேரம். அஞ்சு மணிக்கு இன்னொரு கம்பெனிக்கு அந்த வேன் வேணும். தோட்டத்துச் சடக்குல போ."

"அங்க தண்ணி ஏறும் பாஸ். பாலத்துக்குக் கம்பிகூட இல்ல."

"நேத்து லோரி போயிருக்கு. ஒனக்கு மட்டும் என்னா? மெதுவா போனா ஒண்ணும் ஆவாது. ஓட்டத் தெரியலன்னா சொல்லு, தெரிஞ்சவன் இருக்கான்."

போன் தொடர்பு அறுந்தது. சுரேன் கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்தான். அடுப்பில் உலை வைக்க வேண்டும், துணி நனைந்துகொண்டிருக்கும் என்பதுதான் அவள் மனதில் இருந்தது. அந்த ஒரு பார்வைக்கு 'வேணாம்டா' என்று பதில் சொல்லாததை அவள் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள்.

செம்பனை மரங்களுக்கு நடுவே சடக்குப் பாதை செம்மண் சேறாகக் கிடந்தது. ஓடைப் பாலத்தருகே வந்தபோது பாலம் கண்ணுக்குத் தெரியவில்லை. பழுப்புத் தண்ணீர் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போனது.

"திருப்புடா தம்பி," என்றாள் ராக்காயி பின்னாலிருந்து.

"கணுக்கால் அளவுதான்க்கா. நானும் பாத்துட்டுத்தான் போறேன்," என்றான் சுரேன்.

பாதிப் பாலத்தில் எஞ்சின் இருமி நின்றது. அவன் சாவியைத் திருகினான். ஒரு தடவை, இரண்டு தடவை. பின்பக்கத்தை யாரோ தோள் கொடுத்துத் தள்ளியது போல வேன் மெல்லத் திரும்பியது. சக்கரம் பாலத்தை விட்டு இறங்கியது. எல்லாரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். வேன் ஓடைக்குள் சரிந்து, இடது பக்கமாகச் சாய்ந்து, மண் கரையில் முட்டி நின்றது. பக்கக் கதவு முழுவதும் கரையோடு அழுந்திப் போனது. பாதத்துக்கடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறத் தொடங்கியது.

நவமணி போனை எடுத்துத் தட்டினாள். சாந்தினி கதவிலிருந்த தகரத்தை நகத்தால் பிராண்டினாள். சுரேன் தன் பக்கக் கதவைத் தோளால் இடித்துக்கொண்டிருந்தான்.

"கதவ விடுடா!" கலாதேவி கத்தினாள். "கண்ணாடிய எறக்கு! தண்ணி மேல வாரதுக்குள்ள எறக்கு!"

இரண்டு மாதங்களுக்கு முன் கம்பெனி கேண்டீனில் தீயணைப்புப் படையிலிருந்து போம்பாக்காரர் ஒருவர் வந்து பேசினார். நாற்காலியைக் காராக வைத்து உட்கார்ந்து காட்டினார். பெண்கள் மீ கோரெங் நூடுல்ஸ் தின்றபடி பாதி கேட்டார்கள். கலாதேவி முழுதும் கேட்டாள். கார் தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம்தான் உங்களுடையது என்றார் அவர். போன் பண்ணாதீர்கள், அதை வெளியே வந்த பிறகு செய்யலாம். பெல்ட்டைக் கழற்றுங்கள். கதவோடு சண்டை போடாதீர்கள், வெளியே இருக்கும் தண்ணீர் அதைத் திறக்க விடாது. ஜன்னலை இறக்குங்கள். இறங்காவிட்டால் பக்கக் கண்ணாடியை மூலையில் உடையுங்கள், முன் கண்ணாடி உடையாது. பிள்ளைகளை முதலில் அனுப்பிவிட்டு நீங்கள் போங்கள். ஏதாவது கேள்வி உண்டா என்று கேட்டபோது எங்கள் வேன் கதவுக்கு உள்கைப்பிடி இல்லை என்று சொல்லக் கலாதேவிக்கு வாய் வந்தது. பக்கத்து மேசையில் இராமசாமி உட்கார்ந்திருந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சுரேன் பிடியைச் சுற்றினான். கையால் சுற்றி இறக்கும் பழைய கண்ணாடி, அதனால்தான் இறங்கியது. வேன் சாய்ந்திருந்ததில் அவன் ஜன்னல் மேல்பக்கமாக இருந்தது. அவன் வெளியேறிக் கூரையைப் பிடித்துக்கொண்டு கையை உள்ளே நீட்டினான். யாத்தி அந்தக் கையைப் பிடித்து மேலே போனாள்.

"பெல்ட்ட கழட்டு நவமணி! போனத் தூக்கிப் போடு! சீட்டு மேல ஏறு!"

நவமணி பருத்த உடம்புக்காரி. முன் இருக்கையின் முதுகைத் தாண்ட முடியாமல் வயிறு மாட்டிக்கொண்டது. கலாதேவி அவள் இடுப்பில் தலையை வைத்து முட்டித் தள்ளினாள். அடுத்து சாந்தினி. அழுதுகொண்டே போனாள். அதற்குள் கலாதேவிக்கு மார்பளவு தண்ணீர்.

"ராக்காயிக்கா! வாங்க!"

"கால் வரலடி கலா."

பின் வரிசைக்கும் நடு வரிசைக்கும் இடையில் இராமசாமி அடுக்கி வைத்திருந்த தண்ணீர் போத்தல் பெட்டிகள் சரிந்து ராக்காயியின் காலை அடைத்திருந்தன. கலாதேவி ஒவ்வொன்றாக இழுத்தாள். நனைந்த அட்டை கையோடு கிழிந்து வந்தது. பின்பக்க ஜன்னல்கள் இறங்காத கண்ணாடி. சுரேனின் இருக்கையிலிருந்து தலை சாய்க்கும் திண்டை உருவி, அதன் இரும்புக் காலால் ராக்காயிக்கு மேலிருந்த கண்ணாடியின் மூலையில் அடித்தாள். மூன்றாவது அடியில் விரிந்தது. ஆனால் விழவில்லை. வெயில் படாமலிருக்க ஒட்டிய கறுப்புத் தாள் உடைந்த கண்ணாடியைப் பிடித்து வைத்திருந்தது. மறுபடி அடித்தாள். கை போகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது. அவள் முழங்கை கிழிந்தது. இன்னும் அடித்தாள்.

"நீ போடி," என்றாள் ராக்காயி. தண்ணீர் அவள் தாடையில் இருந்தது.

"வாயப் பொத்துங்க! கையக் குடுங்க!"

கை கிடைத்தது. கலாதேவி அதைப் பிடித்து இழுத்தாள். வேன் ஒரு குலுங்கு குலுங்கி இன்னும் சாய்ந்தது. தண்ணீர் கூரை வரை வந்தது. ஒன்றும் தெரியவில்லை. பிடித்த கை பிடித்தபடி இருந்தது. பிறகு இல்லை. சட்டைக் காலரைப் பற்றி யாரோ அவளை முன் ஜன்னல் வழியாக மேலே இழுத்தார்கள், சுரேன்தான். அவளைக் கரையில் போட்டுவிட்டு அவன் திரும்ப முங்கினான். இரண்டு தடவை முங்கினான். மூன்றாவது தடவை போகாமல் யாத்தியும் நவமணியும் அவன் மேல் விழுந்து பிடித்துக்கொண்டார்கள்.

போம்பா வந்து ராக்காயியை எடுத்தபோது ஐந்தே கால் மணி.

*

மூன்றாம் நாள் காலையில் இராமசாமி வீட்டுக்கு வந்தார். ஆப்பிள் பையும் ஒரு கோப்பும் கையில். தேவன் வேலைக்குப் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சுரேன் மூன்று நாட்களாக அறையை விட்டு வரவில்லை.

"பசியாறியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். கலாதேவி முழங்கைக் கட்டோடு அடுக்களை வாசலில் நின்றாள்.

"விதி தேவா. யாரு நெனச்சா? மழைய நாம நிறுத்த முடியுமா?"

"சொல்லுங்க," என்றான் தேவன்.

"போலீஸ் சுரேன் மேல கேஸ் போடப் போறாங்க. நான் லாயர் வெக்கிறேன். பையன் நம்ம பையன். ஒரு கடுதாசி மட்டும் வேணும். வேன்ல இருந்தவங்க எல்லாம் கையெழுத்துப் போட்டுட்டா வேலை சுளுவா முடிஞ்சிடும்."

கோப்பிலிருந்து மலாயில் தட்டச்சு செய்த தாளை எடுத்து வைத்தார். தேவனுக்கு மலாய் பேச வரும், வாசிக்க நேரமெடுக்கும். கலாதேவி வந்து எடுத்தாள். நின்றபடி வாசித்தாள். ஓட்டுநர் தன் சொந்த முடிவில் தோட்டச் சாலையில் போனார். வண்டியின் எல்லாக் கதவுகளும் நல்ல நிலையில் இருந்தன என்று எழுதியிருந்தது.

"நல்ல நெலையிலயா?" என்றாள்.

"அது சும்மா எழுதுறதுலா. ஃபார்மட்."

"கைப்பிடிய கழட்டினது யாரு?"

"ஒங்க நல்லதுக்குத்தானே கழட்டுனேன். ஒருத்தி கால ஒடச்சிக்கிட்டா, மறந்துட்டியா?"

"கால் ஒடஞ்சா கட்டுப் போட்டுக்கலாம். ராக்காயிக்காவுக்கு எங்க கட்டுப் போடுறது?"

அறைக் கதவு திறந்தது. சுரேன் வந்து நின்றான். தாடி முளைத்திருந்தது, கண் வீங்கியிருந்தது.

"குடுக்கா. நான் போட்டுத் தாரேன். நான்தானே ஓட்டுனேன்."

"உள்ள போடா."

"திருப்புடான்னு சொன்னாங்க. நான் கேக்கல. நான்தான்க்கா..."

"உள்ள போன்னு சொன்னேன்!" அவள் கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "நீ ஓட்டுன. அத நீ சொல்லு, எங்க வேணும்னாலும் போயி சொல்லு. ஆனா ஃபோன்ல யாரு சொன்னா? அந்தக் கதவ யாரு அடச்சா? அதையும் ஒந்தலையில ஏத்திக்கிட்டுப் போறியா?"

இராமசாமியின் முகம் மாறியது.

"சத்தம் போடாத கலா. நீ யோக்கியமா? ரெண்டு வருஷமா அந்தக் கதவு பக்கத்துல உக்காந்து வந்தவ நீதான். ஒரு நாள் வாயத் தொறந்தியா? கம்பெனியில சொன்னியா? போலீஸ் கேட்டா என்னா சொல்லுவ?"

அவள் தாளை இரண்டாக மடித்தாள். தேவன் எழுந்தான். இருபது வருடம் குலை வெட்டிய தோள்கள். ஆப்பிள் பையை எடுத்து இராமசாமியின் மடியில் வைத்தான்.

"போங்கண்ணே," என்றான் மெதுவாக. "நான் கை ஓங்குறதுக்கு முன்னால போயிடுங்க."

அன்று மத்தியானமே தேவனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து கலாதேவி போலீஸ் பலாய்க்குப் போனாள். பலாய் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவன் கேட்டான்.

"ஒன்னையும் கேப்பாங்க. தெரியுமா?"

"தெரியும்."

வழக்கை விசாரித்த போலீஸ் அதிகாரி சார்ஜன் அஸ்மான். வேன் இன்னும் கண்டிராக்டரின் பட்டறை முற்றத்தில்தான் இருக்கிறது, நாளை காலை பத்து மணிக்குப் பார்க்கப் போகிறேன், நீங்களும் வாருங்கள் என்றார். மூன்று நாட்களாக அவருடைய இடத்திலேயா விட்டு வைத்தீர்கள் என்று கலாதேவி கேட்டாள். சார்ஜன் பேனாவை மூடினார். இழுக்க லாரி அவருடையதுதான் கிடைத்தது என்றார்.

*

மறுநாள் வெயில் கொளுத்தியது. வேன் சேறு காய்ந்து வெளிறிப்போய் நின்றது. பத்தடிக்கு அப்பாலேயே அழுகல் நாற்றம். இராமசாமி முன்பே வந்திருந்தார். சார்ஜனுக்குக் கை கொடுத்தார். பக்கக் கதவைத் தானே தள்ளித் திறந்து காட்டினார்.

கதவின் உள்பக்கத்தில் கைப்பிடி இருந்தது.

கறுப்பாக, புதிதாக, ஒரு பொட்டுச் சேறில்லாமல் இருந்தது.

கலாதேவி ஒரு கணம் தான்தான் பைத்தியமோ என்று நினைத்தாள். இரண்டு வருடம் பார்த்த தகரம், சாந்தினி நகம் பிய்யப் பிராண்டிய தகரம், எங்கே போனது? பிறகு கோபம் ஏறியது. செத்தவள் நாற்றம் போவதற்கு முன்னால் சேற்றுக்குள் குனிந்து நின்று யாரோ இதைத் திருகாணி போட்டு முடுக்கியிருக்கிறார்கள்.

"பாத்துக்குங்க சார்," இராமசாமி மலாயில் சொன்னார். "கைப்பிடி இல்லையாம். பயத்துல என்னவோ பேசுறாங்க."

சார்ஜன் கைப்பிடியைப் பார்த்தார். கலாதேவியைப் பார்த்தார்.

"வேன் முழுக்கச் சேறு," என்றாள் அவள். மலாயில்தான் பேசினாள், கம்பெனியில் பேசுகிற மலாய். "அது மட்டும் ஏன் பளபளன்னு இருக்கு?"

"தொடச்சோம்," என்றார் இராமசாமி.

"சரி. அவரை உள்ள உக்காரச் சொல்லுங்க. நான் கதவைச் சாத்துறேன். அவரே தொறந்துக்கிட்டு வரட்டும்."

"என்னா வெளையாட்டு இது? உள்ள சேறு, நாத்தம்..."

"நாங்க உக்காந்தோம்ல," என்றாள்.

சார்ஜன் இராமசாமியைப் பார்த்துக் கையால் உள்ளே காட்டினார். இராமசாமி இங்குமங்கும் பார்த்தார். பட்டறைப் பையன்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். கலாதேவியின் இருக்கையில் நுனியில் உட்கார்ந்தார். அவள் கதவை இழுத்துச் சாத்தினாள்.

உள்ளே கைப்பிடி இழுபடும் சத்தம் கேட்டது. மறுபடியும். மறுபடியும். கதவு அசையவில்லை. கதவுக்குள் கைப்பிடியோடு சேரும் கம்பியை இரண்டு வருடங்களுக்கு முன்பே வெட்டிப் போட்டாகிவிட்டது. இந்தக் கைப்பிடி தகட்டில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. கறுப்புத் தாளுக்குப் பின்னால் அவர் முகம் மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடியைத் தட்டினார். பிறகு அறைந்தார்.

"தொறங்கலா! ஏய்! தொற!"

வெளிக்கைப்பிடி கலாதேவியின் கையில் இருந்தது. இரும்பு சுட்டது. அவள் கையை எடுக்கவில்லை, இழுக்கவும் இல்லை. தொற, தொற என்று உள்ளிருந்து வந்த குரலைக் கேட்டுக்கொண்டு நின்றாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. சார்ஜன்கூட.

"போதும் கலா," என்றான் தேவன் பின்னாலிருந்து.

அவள் இழுத்தாள். இராமசாமி வியர்வையில் நனைந்து, முட்டியெல்லாம் சேறாக இறங்கினார். எதையோ சொல்ல வாயெடுத்தார். சார்ஜன் அவரைக் கையமர்த்திவிட்டுப் போனில் கதவைப் படமெடுத்தார். பட்டறையைப் பூட்டச் சொன்னார். பலாய்க்கு அழைத்து இழுவை லாரியும் இரண்டு ஆட்களும் அனுப்பச் சொன்னார்.

அவளுக்கு நிம்மதி வரவில்லை. கோபம் அப்படியே இருந்தது. அதில் பாதி யார்மேல் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

சார்ஜன் பட்டறை மேசையில் கிரீஸ் படாத மூலை ஒன்றைத் தேடி வாக்குமூலப் படிவத்தை விரித்தார். கைப்பிடி இல்லாதது எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார்.

"ரெண்டு வருஷமா."

யாரிடமாவது சொன்னீர்களா?

"இல்ல." தேவன் அவள் பக்கம் திரும்பினான். "சொல்லியிருக்கணும். சொல்லல. வேலை போயிடும்னு பயந்தேன். அதையும் எழுதுங்க. தம்பி ஃபோன்ல பேசினது எனக்கும் கேட்டுச்சி, நானும் வேணாம்னு சொல்லல. அதையும் எழுதுங்க. ஒண்ணையும் விடாதீங்க."

சார்ஜன் எழுதினார். வெகுநேரம் எழுதினார். இறந்தவர் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, எழுத்து எப்படி என்று கேட்டார். கலாதேவி மேசையருகே நெருங்கிக் குனிந்தாள். ஒவ்வொரு எழுத்தாக, தப்பு வராமல், ராக்காயியின் பெயரைச் சொன்னாள்.